விமானம் வலப்பக்கம் சாய்ந்த இடங்கள்

மூன்று வருஷம் ஒரே ஆள்மேல் கோபமாக இருப்பது லேசான வேலை இல்லை. செடி வளர்ப்பதுபோலத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். நான் ஒரு நாளும் வாடவிடவில்லை. காலையில் பல் தேய்க்கும்போது ஒருமுறை திட்டுவேன், விமானம் நிற்கும் ஹேங்கரில் வாளியைத் தூக்கும்போது ஒருமுறை திட்டுவேன், ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில் அந்த மனிதருக்கு நேரெதிரே உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு ஒருமுறை திட்டுவேன். அவர் என் அக்காவின் கணவர். வாயால் அத்தான் என்று கூப்பிடுகிறேன். மனதுக்குள் கூப்பிடுவதை எழுதினால் தாள் தாங்காது.

நாங்கள் மூன்று பேரும் ஒரே அலுவலகம். கடல்மேல் மிதக்கும் பனியை அளப்பது எங்கள் தொழில். இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகத்தில் எந்தப் பொருளும் தன் சூட்டுக்குத் தக்கபடி கொஞ்சம் மைக்ரோவேவை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மிக மிக மெலிசாக. அதை உணர்கிற கருவிக்கு உறைந்த பனி பளிச்சென்று சூடாகத் தெரியும். அதைவிட உண்மையில் சூடான கடல்நீர் மங்கலாக, குளிர்ந்து தெரியும். மனிதர்களிடமும் இந்தக் குழப்பம் உண்டு என்பதை எங்கள் வீட்டுப் பெண்ணை அவருக்குக் கொடுத்தபிறகுதான் தெரிந்துகொண்டோம். மேகம் மூடினாலும் சரி, மாதக்கணக்கில் இருட்டாக இருந்தாலும் சரி, கருவிக்குக் கவலை இல்லை. எங்கே பனி, எங்கே திறந்த தண்ணீர் என்று நாங்கள் வரைபடம் போட்டுக் கொடுப்போம். கப்பல்காரர்கள் அதை நம்பிப் பாதை பிடிப்பார்கள்.

அத்தான் செயற்கைக்கோள் பிரிவின் தலைவர். எண்ணூறு கிலோமீட்டர் மேலேயிருந்து வரும் எண்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, இந்தக் கட்டத்தில் இத்தனை பங்கு பனி, இத்தனை பங்கு தண்ணீர் என்று சொல்வார். நான் விமானப் பிரிவு. அதே மாதிரிக் கருவியைச் சின்ன விமானத்தில் மாட்டிக்கொண்டு பனிக்கு மேலே தாழப் பறந்து அளப்பேன். மேலே இருப்பது சொல்வது மெய்யா பொய்யா என்று கீழே இருப்பதுதான் சாட்சி சொல்ல வேண்டும். அக்கா டேட்டா ரூம் பொறுப்பாளர். இரண்டு பிரிவின் எண்களும் அவளிடம்தான் போய்ச் சேரும், பூட்டப்படும்.

அத்தான் ஒரு தடவைகூட அந்த விமானத்தில் ஏறியதில்லை. குமட்டுமாம். "கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுறானாம்" என்று எங்கள் விமானி சொல்வார். எல்லாரும் அவரைக் கேப்டன் என்போம். அவருக்குப் பின்னால், கருவிக்குப் பக்கத்தில், ஒரு மடக்கு இருக்கை. பதினோரு வருஷம் அது என்னுடையது. ஜன்னல் கையகலம்தான் இருக்கும். கால் மரத்துப்போகும். அந்த இருக்கையைத் தவிர எனக்கு இந்தப் பூமியில் எந்த இடத்தின்மேலும் ஆசை இருந்ததில்லை.

அதைத்தான் அத்தான் பிடுங்கினார்.

மூன்று வருஷத்துக்கு முன், நான் இன்னும் சரிபார்த்து முடிக்காத எண்களை எனக்குத் தெரியாமல் எடுத்து, தன் வரைபடத்தை அதற்கு ஏற்றாற்போல் இழுத்துத் திருத்திவிட்டார். அரைவேக்காட்டு எண்களும் அவருடைய அவசரமும் சேர்ந்து போட்ட படத்தை நம்பிப் போன சரக்குக் கப்பல் பனிக்கு நடுவே ஒன்பது நாள் மாட்டிக்கொண்டது. விசாரணை வந்தது. அத்தான் நிதானமாக எழுதிக்கொடுத்தார்: விமானத்தில் கருவியை இயக்கியவர் அன்று காலை குளிர் அளவீடு எடுக்கத் தவறிவிட்டார், எண்கள் அதனால் பிழை.

குளிர் அளவீடு என்றால் இதுதான். பறக்கும் முன் ஒரு வாளியில் திரவ நைட்ரஜனை ஊற்றி, அதில் கரி நிறப் பஞ்சுத் தகட்டை முக்கி, கருவியின் வாய்க்கு நேரே காட்ட வேண்டும். அது கடுங்குளிர் முனை. அப்புறம் சாதாரண அறைச்சூட்டில் இருக்கும் இன்னொரு தகட்டைக் காட்ட வேண்டும். அது சூட்டு முனை. இரண்டு முனையும் தெரிந்தால்தான் நடுவில் வருவதைக் கருவி அளக்கும். இதை மறப்பது சமையல்காரர் அடுப்புப் பற்றவைக்க மறப்பதுபோல. நான் மறக்கவில்லை. அன்றைக்கு நைட்ரஜன் தெறித்து என் மணிக்கட்டில் தோல் வெந்துபோனது. நேரம் எழுதிக் கேப்டன் கையெழுத்துப் போட்ட பக்கம் ஹேங்கரில் காணவில்லை, அதனால் காயத்தைத்தான் எல்லாரிடமும் காட்டினேன். தோலில் தேதி எழுதியிருக்கவில்லையே.

அப்போது அக்கா வந்தாள். என் வீட்டுச் சோபாவின் ஓரத்தில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல உட்கார்ந்தாள்.

"அவருக்கு வேலை போச்சுன்னா வீடே போயிடும்டி. பொண்ணுக்குப் பரீட்சை வருஷம். உனக்குப் பெருசா ஒண்ணும் ஆகாதாம், அவர் சொல்றார். ரெண்டு மாசத்துல அவரே பேசிச் சரி பண்ணிடுவாராம்."

"நீ நம்புறியா?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதிருந்தால்கூட நான் முடியாது என்று சொல்லியிருப்பேன். அவள் அழவில்லை. 'மறந்திருக்கலாம்' என்று நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஒரு சொல்லுக்கு எனக்குக் கிடைத்த தண்டனை, இனிமேல் பறக்கக் கூடாது என்பது. கருவியைத் தானியங்கியாக மாற்றிக் கேப்டனோடு தனியே அனுப்பினார்கள். நான் தரையில் நின்று வாளியில் நைட்ரஜன் ஊற்றுவது, விமானம் திரும்பி வந்ததும் எண்களைச் சுத்தம் செய்வது. அலுவலகத்தில் எனக்கு 'வாளி' என்று பெயர் வந்தது. பெயர் வைத்தது யார் என்று நான் யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேஜையில் அத்தான் சிரித்துக்கொண்டே சொல்வார், "வாளி, அந்தத் தண்ணி ஜக்கை இப்படித் தள்ளு." நான் தள்ளுவேன். ரெண்டு மாதம் முப்பத்தாறு மாதமாகியும் அவர் யாரிடமும் எதுவும் பேசவில்லை.

போன வருஷம் புதுச் சட்டம் வந்தது. இனி இரண்டு பிரிவும் ஒன்றை ஒன்று பார்க்காமல் முடிவு எழுத வேண்டும். இரண்டையும் உறையில் போட்டு அரக்கு வைத்து, நடுவர் முன்னால் ஒரே நேரத்தில் பிரிக்க வேண்டும். நடுவராக வெளியிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் இரண்டு தடவை நிறுத்துப் பார்ப்பார், அதனால் 'தராசு' என்று பெயர். இந்த ஒப்பீட்டில் அத்தானின் வரைபடம் என்னுடையதோடு பொருந்திவிட்டால், அடுத்த பத்து வருஷத்துக்குக் கப்பல் வரைபடம் அவர் கணக்குப்படிதான். அத்தான் அப்போதே புது கோட் தைக்கக் கொடுத்துவிட்டார்.

ஒத்திகைக்காக ஒரு பறப்பு நடந்தது. அந்த எண்கள் இன்னும் பூட்டில் இருந்த சமயம். ஞாயிறு மதியம் அத்தான் வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "என்ன வாளி, மூணாவது கோட்டுல பாதிக்கு மேல தண்ணியாமே?"

மூன்றாவது கோட்டில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பது எனக்கும் பூட்டின பெட்டிக்கும் மட்டும்தான் தெரியும். நான் ஜக்கைத் தள்ளிவிட்டு, "அப்படியா அத்தான், எனக்கே தெரியலையே" என்றேன். அன்றைக்குச் சாப்பாடு ருசியாக இருந்தது.

பிரிவுத் தலைவர்களுக்கு எல்லாப் பூட்டையும் திறக்கும் பொதுக் கடவுச்சொல் உண்டு என்பது அலுவலகத்துக்கே தெரியும். அதை வைத்துத்தான் மனிதர் திருடுகிறார் என்று முடிவு செய்தேன். முறையீடு கொடுத்தால்? "மச்சினிக்கு என்மேல பழைய கோபம்" என்று சிரிப்பார். அவர் சிரிப்பை யாரும் நம்பாமல் இருந்ததில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அதற்கு என்னிடம் ஒரு விஷயம் இருந்தது.

எங்கள் கருவி விமானத்தின் வயிற்றில் இடப்பக்கம் பார்த்து மாட்டியிருக்கும். சாய்வாகக் கடலைப் பார்க்கும். அந்தச் சாய்வு மாறவே கூடாது. வயலை உழுவதுபோல விமானம் ஒரு கோடு போய், திரும்பி, அடுத்த கோடு வரும். இடப்பக்கம் திரும்பினால் கருவி நேர்கீழே பார்க்கும், பெரிய மோசம் இல்லை. வலப்பக்கம் சாய்ந்து திரும்பினால் இடப்பக்கம் தூக்கிக்கொள்ளும். கருவி கீழே பார்க்காமல் அடிவானத்தைப் பார்க்கும். அப்போது எவ்வளவு கெட்டியான பனியும் மங்கிப்போய்த் தண்ணீர்போலத் தெரியும். அதனால் திரும்பின நேரத்தில் பதிவான எண் வரிகளை வெட்டி எறிந்துவிட்டுத்தான் எண்களை ஒப்படைப்பேன். பதினான்கு வருஷப் பழக்கம். விமானத்தில் ஏறாதவருக்கு அப்படிச் சில வரிகள் பிறப்பதே தெரியாது.

பெரிய பறப்பு நாள் வந்தது. காலையில் வாளியில் நைட்ரஜன் ஊற்றினேன். வெள்ளைப் புகை என் பூட்ஸ் மேல் வழிந்தது. தகட்டை முக்கிக் கருவிக்குக் காட்டினேன், நேரம் எழுதினேன், கேப்டனிடம் கையெழுத்து வாங்கினேன். அவர் படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"சீட்டு மடக்கியே கிடக்கு. தூசி தட்டக்கூட ஆள் இல்லை."

"கூடிய சீக்கிரம் தட்டுறேன் கேப்டன்."

ஒன்பது கோடு, எட்டுத் திருப்பம். அதில் வலப்பக்கத் திருப்பம் நான்கு. நான்குமே கிழக்கு ஓரத்தில். விமானம் இறங்கியதும் மூலக் கோப்பை எடுத்தேன். 'மூல எண்கள், வந்தது வந்தபடி' என்று சட்டம் கேட்கிறது. வந்தது வந்தபடியே கொடுத்தேன். ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. வெட்ட வேண்டிய வரிகளை வெட்டவில்லை, அவ்வளவுதான். விமானம் எவ்வளவு சாய்ந்தது என்ற எண்ணும் மேலிருந்து கீழாக ஓடும் பதினான்காவது பத்தியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. படிக்கத் தெரிந்தவர் படித்துக்கொள்ளட்டும். வரிகளை வெட்டிச் சுத்தம் செய்த என் உண்மையான முடிவு பத்து நாள் கழித்து உறையில் போகும்.

அத்தான் பதினான்காவது பத்தியைப் பார்க்க மாட்டார் என்று எனக்கு எப்படித் தெரியும்? என்னை அசட்டை என்று எழுதிக்கொடுத்த அதே மனிதர், என் எண்ணை ஒரு தடவையும் சரிபார்த்ததில்லை. என் கை எவ்வளவு சுத்தம் என்று இந்த உலகத்தில் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். இதை நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிந்தது, இனித்தது, இரண்டும்.

கோப்பை டேட்டா ரூமில் அக்காவிடம் கொடுத்தேன். அந்த அறையில் எப்போதும் ஏசி குளிர் நடுக்கும். அக்கா ஸ்வெட்டருக்குள் சுருங்கி உட்கார்ந்திருந்தாள். வாங்கிக்கொண்டாள், பதிந்தாள், "சாப்பிட்டியா?" என்றாள். அவளைப் பற்றி யோசிக்காமல் இல்லை. வீட்டில் இடி விழும். ஆனால் அலுவலகத்தில் அவளுக்கு ஒன்றும் வராது. பூட்டை உடைத்தவர்தானே மாட்டுவார்? பெண்ணும் இப்போது காலேஜ் ஹாஸ்டலில். உப்பைத் தின்றவர் தண்ணீர் குடிக்கட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

உறை பிரிக்கும் நாள், கூட்ட அறையில் இருபது பேர். அத்தான் சாம்பல் நிறப் புது கோட் போட்டிருந்தார். தராசு அம்மாள் நடு நாற்காலியில். அக்கா இரண்டு உறையையும் தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள். அரக்கு உடைத்தார்கள். இரண்டு வரைபடமும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன.

அறையில் ஒரு முணுமுணுப்பு. அவ்வளவு பொருத்தம். அத்தான் அடக்கமாகத் தலை குனிந்தார். கல்யாணப் பந்தலில்கூட அவர் அப்படிக் குனிந்ததில்லை.

தராசு அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார்.

"உங்க படத்துல, கிழக்கு ஓரத்துல, இது என்ன?"

நான்கு. நான்கு கிண்ணங்கள் வரிசையாகக் கவிழ்த்தாற்போல நான்கு நீலத் திட்டுகள். பனிக்கு நடுவே திறந்த தண்ணீர். என் படத்தில் அதே நான்கு இடமும் அளவு இல்லை என்று வெள்ளையாக விட்டிருந்தது.

"பனி விரிசல் மேடம். விளிம்புல அப்படித் திறந்துக்கும்," என்றார் அத்தான்.

"இவ்வளவு சரியா, சம இடைவெளியிலயா?"

பின்வரிசையில் கேப்டன் சிரித்துவிட்டார். எல்லாரும் திரும்பினார்கள்.

"மன்னிக்கணும். அது விரிசல் இல்லைங்க. அது நான் வலப்பக்கம் திரும்பின இடம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." விரல் விட்டு எண்ணினார். "விமானத்துக்கு அடியில இருக்கிற கேமரா எடுத்த போட்டோவும் இருக்கு, பாருங்க. கப்பலே ஏறி நிக்கலாம், அவ்வளவு கெட்டிப் பனி. என் விமானம் சாயும், சரி. செயற்கைக்கோளும் என்கூடவே சாஞ்சுதா சார்?"

யாரும் சிரிக்கவில்லை. தராசு அம்மாள் மூலக் கோப்பைக் கேட்டார். திரையில் பதினான்காவது பத்தி ஓடியது. நான்கு இடத்திலும் சாய்வு இருபத்தெட்டு பாகை. நான்கு இடத்திலும் என் மூல எண் தண்ணீர் என்று சொன்னது. அத்தான் வரைபடமும் அதே கட்டத்தில் அதே பங்கு தண்ணீர் என்று சொன்னது. அவர் நெற்றி அந்தச் சாம்பல் கோட்டின் நிறத்துக்கு வந்தது. மூன்று வருஷமாக நான் காத்திருந்த முகம் அது. கண் கொட்டாமல் பார்த்தேன். வெட்கமே படவில்லை.

"பூட்டில இருந்த கோப்பு உங்களுக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டார் தராசு அம்மாள்.

ஒரு நொடிகூட ஆகவில்லை.

"என் மனைவி கொடுத்தாங்க மேடம். இது பூட்டில வெச்ச மூல எண்ணுன்னு எனக்குத் தெரியாது. பார்த்துக்கோங்கன்னு கொடுத்தாங்க, நம்பி எடுத்தேன். டேட்டா ரூம் பொறுப்பு அவங்களோடது."

பொதுக் கடவுச்சொல் என்னவாயிற்று? பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். "அதைத்தான் புதுச் சட்டம் வந்த அன்னிக்கே எடுத்துட்டாங்களே, இப்ப உங்க அக்கா ஒருத்தராலதான் திறக்க முடியும்" என்றார். ஹேங்கரில் கிடந்த எனக்கு அது தெரியவில்லை. நான் வெட்டின குழி அத்தானுக்கு மட்டும் என்று நினைத்தேன். என்னை வாளி தூக்கவிட்ட அதே வாக்கியத்தை ஆளை மட்டும் மாற்றி அக்காமேல் போட்டுவிட்டு, மனிதர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா எழுந்தாள். ஸ்வெட்டரின் பித்தானைப் போட்டாள்.

"ஆமாங்க. நான்தான் கொடுத்தேன். கேட்டார், கொடுத்தேன். ஒத்திகைக்கும் நான்தான். மூணு வருஷத்துக்கு முன்னாடியும் நான்தான். அப்பவும் இப்பவும் அது என்ன கோப்புன்னு அவருக்குத் தெரியும்." பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "அன்னிக்கு என் தங்கச்சி குளிர் அளவீடு எடுக்கலைன்னு எழுதினாங்க இல்லையா, அது பொய். நேரம் எழுதி, கேப்டன் கையெழுத்துப் போட்ட பக்கம் மறுநாளே என் ரூமுக்கு வந்துடுச்சு. யாரும் கேட்கலை. நானும் காட்டலை. அது என் தப்பு. இதோ."

அந்தத் தாளை அவள் தராசு அம்மாள் முன்னால் வைத்தாள். அத்தான் "ஏய்" என்றார், வீட்டில் சொல்வதுபோல. அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அத்தானின் படம் ஒப்பீட்டிலிருந்து நீக்கம், பிரிவுத் தலைமையிலிருந்தும். என் கையெழுத்துக் கடிதம் ரத்து; அடுத்த பறப்பில் நான் ஏறலாம் என்று தராசு அம்மாள் எழுதியே கொடுத்தார். கேப்டன் என் தோளில் தட்டினார். அக்காவின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். பத்தொன்பது வருஷ வேலை. தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

வாகனம் நிறுத்துமிடத்தில் ஓடிப்போய்ப் பிடித்தேன். சாயங்கால வெயில் அவள் முகத்தில் நேராக விழுந்தது. எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"ஏன்க்கா அந்தப் பக்கத்தை இத்தனை நாள் ஒளிச்சு வெச்ச?"

"பயம். வேற என்ன? பொண்ணு வீட்டுல இருந்தா. போன மாசம்தான் கொண்டுபோய் ஹாஸ்டல்ல விட்டேன். திரும்பி வந்த அன்னிக்கே எடுத்துப் பையில வெச்சுட்டேன்."

"சரி, இந்தக் கோப்பை ஏன் கொடுத்த? உனக்கு வேலை போகும்னு தெரியாதா? நான் வரியை வெட்டாம விட்டது..." எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. "அது அவருக்காக வெச்சதுக்கா. உனக்கு இல்லை."

"தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"பதினாலு வருஷமா உன் கோப்பை வாங்கிப் பதியுறது யாரு? திருப்பத்தை வெட்டாம ஒரு நாள் நீ கொடுத்திருக்கியா? திறந்தேன், நாலு இடத்துலயும் அப்படியே இருந்துச்சு. புரிஞ்சுது. அப்படியே கொண்டுபோய் அவர் மேஜையில வெச்சேன். 'சாய்வைப் பார்த்துக்கோங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லலை."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா. ஒரே ஒரு போன்."

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தாள்.

"சொல்லியிருந்தா, எனக்குப் பாவம் பார்த்து நீ அந்த வரியை வெட்டியிருப்ப."